தேன்சிட்டுக்கு வைத்த தண்ணீர்

ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். கலர் சேர்க்கக் கூடாது, தேன் கலக்கக் கூடாது, வெல்லம் கூடவே கூடாது. இதையெல்லாம் அமெரிக்காவிலிருந்து போனில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மகள். கல்யாணமான வருடத்திலிருந்து நெய்வேலி மைன்ஸ் கேன்டீனில் அண்டா அண்டாவாக டீ போட்டுக்கொண்டிருப்பவளுக்குச் சர்க்கரை அளவு சொல்லிக் கொடுக்க, அவள் பெற்ற பெண்ணே வந்தாள் பாருங்கள். ஆனாலும் சொன்னபடியே செய்தேன். தேன்சிட்டு என்று வந்தால் நான் கொஞ்சம் அடங்கிப்போகிற ஆள்.

எங்களுடையது, என் வேலைக்குக் கிடைத்த வரிசை வீட்டுக் குவார்ட்டர்ஸ். பின்பக்கம் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், நான்கு தொட்டிச் செடிகள், கொஞ்சம் மண்தரை, சந்துக்குத் திறக்கிற ஒரு பின்கேட். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் கலந்து வளர்ந்த வேலி இருந்தது. அதை நட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். தண்ணீர் விட்டவர்களும் அவர்கள்தான். பூவைப் பறித்துச் சாமிக்கு வைத்தது மட்டும் நான்.

பொங்கல் முடிந்த கையோடு தேன்சிட்டுகள் வர ஆரம்பிக்கும். மாசி பங்குனியில் காலை நேரம் முழுக்க அவற்றின் கீச்சுக் கீச்சுதான். ஆண் சிட்டு வெயிலில் ஊதா நிறமாக மின்னும். பெண் சிட்டு மேலே தவிட்டு நிறம், வயிறு வெளிர் மஞ்சள். ஒரு வருடம் ஆண் சிட்டு ஒன்று என் கணவரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரி வந்துவிட்டான் என்று நாள் முழுக்கக் கொத்திச் சண்டை போட்டது. மூக்கு உடைந்துவிடுமே என்று அவர் தன் பழைய காலுறை ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டார். மறுநாள் காலுறையோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய், அப்படியே திரும்பியும் வந்தார். செக்‌ஷனில் ஒரு மாதம் அவரை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார்கள்.

மகள் அங்கே போன இரண்டாம் வருடம், லீவில் வந்தபோது ஒரு பாட்டில் கொண்டு வந்தாள். அடியில் சிவப்பு பிளாஸ்டிக் பூக்கள், பூவின் நடுவில் ஓட்டை. அவள் வீட்டுத் தோட்டத்தில் வசந்தம் வந்தால் ஹம்மிங்பேர்டு என்று ஒரு பொடிப் பறவை வருமாம். அதற்கு இந்த மாதிரி பாட்டில் மாட்டுவார்களாம். அது அந்தரத்தில் நின்றபடியே சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சுமாம். நம் தேன்சிட்டும் அதுவும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

இரண்டும் ஒன்றல்ல. எங்கள் சிட்டுகள் இரண்டு நாள் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, உட்கார இடம் இல்லாமல் போய்விட்டன. அதற்குள் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த மகள் வீடியோவில், "பறந்துகிட்டே குடிக்கும்மா, வெயிட் பண்ணு" என்றாள். "அது உங்க ஊர் சிட்டுடி. இது நெய்வேலி சிட்டு. உக்காந்துதான் சாப்பிடும்" என்றேன். மூன்றாம் நாள் என் கணவர் ஒரு கம்பியை வட்டமாக வளைத்துப் பாட்டிலைச் சுற்றிக் கட்டினார். எறும்பு வராமல் இருக்க மேலே ஒரு மூடியில் தண்ணீர் நிற்கிற மாதிரி செய்தார். அன்றைக்கு மத்தியானமே ஒரு பெண் சிட்டு கம்பியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பூவுக்குள் மூக்கை விட்டது.

"கேன்டீன் தொறந்துட்டாங்கன்னு தெரிஞ்சிக்கினு வருது பாரு" என்றார் அவர்.

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. கேன்டீனில் நான் போடுகிற டீயை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சூடு இல்லை என்பார்கள், தண்ணியாக இருக்கிறது என்பார்கள், ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரை வீசிவிட்டுப் போவார்கள். இந்தச் சிட்டு குடித்தது, மூக்கைக் கம்பியில் துடைத்தது, மறுபடியும் குடித்தது.

என் கணவர் பிறந்தது நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவர்கள். வெட்டிய கரும்பு வண்டி வண்டியாக ஆலைக்குப் போகும், சர்க்கரை மட்டும் அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த தங்கைக்குக் கஞ்சியில் போட என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தபோது, வழியில் கை தவறிக் கொட்டிவிட்டாராம். அவர் அம்மா முதலில் அடித்தார்களாம். பிறகு மண்ணோடு சேர்த்து அள்ளி, தண்ணீரில் கரைத்து, முந்தானையில் வடிகட்டித் தங்கைக்குக் கொடுத்தார்களாம். இந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் நூறு தடவை கேட்டிருப்பேன். கடைசியாகச் சொன்னபோது, "போதும், எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஆனால் மேசையில் சிந்திய சர்க்கரையை விரலால் ஒற்றி ஒற்றி டப்பாவில் போடுகிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ரிட்டயர் ஆகும் வரை அவர் மைன்ஸில் பெல்ட் ஆபரேட்டர். நிலக்கரி போகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கொருமுறை மீட்டரைப் பார்த்து லாக் புக்கில் ரீடிங் எழுத வேண்டும். மழையில் சோம்பல்பட்டு, போன மணிநேரத்து ரீடிங்கையே திருப்பி எழுதுகிறவர்கள் உண்டு. "என் சர்வீஸ்ல ஒரு ரீடிங் பொய்யா எழுதனது கெடையாது" என்பதுதான் அவர் அடித்துக்கொள்கிற ஒரே தம்பட்டம். அதையும் நான் நூறு தடவை கேட்டிருப்பேன்.

அவருக்குச் சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆன மறுவருடம் செருப்பு கடித்து வலது காலில் இரண்டாம் விரலில் ஒரு சின்னக் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, ஆறுவதும் கிளம்புவதுமாக இருந்தது. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எனக்கு நிரந்தரமாக முதல் ஷிஃப்ட் கொடுத்தார்கள். விடியும் முன்பே பஸ் ஏறினால் மத்தியானம் மூன்று மணிக்கு வீடு. வந்ததும் அவர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட வேண்டும், சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும். படுக்கும்போது முதுகு பலகையாகியிருக்கும். யாராவது நலமா என்று கேட்டால் அழுதுவிடுவேன் போலிருக்கும், ஆனால் யாரும் கேட்கவில்லை என்று கோபமாகவும் இருக்கும். அப்படி ஒரு அலுப்பு.

இந்த வருடம் தை மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போனார்கள். புதிதாக வந்தவர்களிடம் கார் இருந்தது. மாசி பாதியில், நான் டியூட்டியில் இருந்த ஒரு நாளில், வேலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்தினார்கள். வந்து பார்த்தபோது செம்பருத்தி வேரோடு ஒரு ஓரமாகக் கிடந்தது. அது அவர்கள் இடம், நான் என்ன சொல்ல முடியும். ஒரு நாள் முழுக்கப் பாத்திரங்களை 'டங் டங்' என்று வைத்தேன்.

"சிட்டுங்க வருமாங்க?" என்று இவரிடம் கேட்டேன்.

"பாட்டிலு கீதுல்ல. வரும்" என்றார்.

எனக்கும் அதுதான் நினைப்பு. அவை வருவது என் கைப்பக்குவத்துக்கு, பூவுக்கா வருகின்றன என்று ஓர் அகம்பாவம் உள்ளுக்குள் இருந்தது. அவர் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று பாட்டிலைக் கொஞ்சம் கீழே, அவர் நாற்காலிக்கு எதிரில் மாற்றி மாட்டினேன். தினமும் காலையில் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுவேன்.

முதல் இரண்டு மூன்று நாள் பாட்டில் அப்படியே இருந்தது. எனக்கு மனசே சரியில்லை. நான்காம் நாள் வந்து பார்த்தால், அடியில் இரண்டு விரற்கடை மட்டும் மீதி!

"எத்தனை வந்துச்சு?"

"மூணு. ஆம்பள ஒண்ணு, பொம்பள ரெண்டு."

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், பையைக் கூட வைக்காமல், செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகத் தோட்டத்துக்குப் போவேன். தண்ணீர் குறைந்திருக்கும். எத்தனை என்று கேட்பேன். அவர் லாக் புக்கைப் பார்த்துப் படிக்கிற மாதிரி சொல்வார். மூணு, நாலு, ஒரு நாள் அஞ்சு. எந்த மணிக்கு வந்தது, எது எதை விரட்டியது என்று விவரமெல்லாம் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே அவர் காலைக் கழுவினால் நாற்றம் கூட அவ்வளவாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று கூட வராது. அன்றைக்கு நான் வீட்டில் இருப்பேன், துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருப்பேன். பாட்டிலில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே இருக்கும்.

"என்னங்க இது, ஞாயித்துக்கிழமை மட்டும் வர மாட்டேங்குது?"

"அதுங்களுக்கும் வீக்லி ஆஃப் வாணாமா?"

இதைக் கேட்டு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். மறுநாள் கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தேன்சிட்டு எல்லாம் பர்மனென்ட் ஆகிவிட்டது, வீக்லி ஆஃப் எடுக்கிறது என்றேன். மகளிடமும் சொன்னேன். அவள் அதை அங்கே தன் சிநேகிதிகளிடம் சொன்னாளாம்.

இதே நாட்களில்தான் அவர் சுகர் ஏற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போதெல்லாம் போன தடவையை விட அதிகம். மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது, அப்படியும் இறங்கவில்லை. விரல் கறுக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு வாரம் பார்ப்பேன். சுகர் கீழ இறங்கலைன்னா விரலை எடுத்துடணும். விட்டா பாதத்துக்குப் போயிடும். வீட்ல என்னம்மா சாப்பிடறார் இவரு?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நான் கோதுமைக் கஞ்சியும் கீரையுமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் எங்கேயோ கள்ளத்தனமாகத் தின்றுகொண்டிருக்கிறார். வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தேன். சட்டைப் பையைத் துழாவினேன், தலையணைக்கு அடியில் பார்த்தேன், குப்பைக் கூடையைக் கவிழ்த்து மிட்டாய்க் காகிதம் தேடினேன். தெருமுனைக் கடைக்காரரிடம், "இவருக்குப் பிஸ்கட் கொடுத்தால் உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்" என்று சண்டை போட்டேன். அவர், "அண்ணன் கடைக்கு வந்தே மாசம் ஆச்சுங்களே" என்றார். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டம்மா கொண்டு வந்த கேசரியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். காலையில் எழுந்து, பீரோவைத் திறந்து, சிட்டுகளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கலந்து பாட்டிலில் ஊற்றிவிட்டு, மறுபடியும் பூட்டுவேன்.

வாயில் வந்ததையெல்லாம் அவரைப் பேசினேன். "சாகணும்னா ஒரேயடியா செத்துத் தொலையுங்க, என்னை ஏன் விரல் விரலா கொல்றீங்க" என்று கூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர், "நான் எதுவும் வாங்கித் துன்னல" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான்.

மூன்று வாரத்தில் இரண்டு வாரம் முடிந்திருந்தது. அன்றைக்குக் கேன்டீனில் அடுப்புப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. கீழே விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா" என்று, டவுன்ஷிப்புக்குத் திரும்புகிற கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அந்த பஸ் எங்கள் ப்ளாக்கின் பின்பக்க ரோட்டில் நிற்கும். முன்வாசல் வரை சுற்றி நடக்கத் தெம்பில்லாமல் சந்து வழியாகப் பின்கேட்டுக்கு வந்தேன். மணி ஒன்பது இருக்கும்.

கேட்டின் கம்பி இடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து தடியை ஊன்றி எழுந்தார். பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றினார். அடிப்பாகத்தைத் திருகி எடுத்து, அவருடைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை ஊற்றினார். பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு விரல் வைத்து அளந்து பார்த்தார். கொஞ்சம் அதிகமாக மீந்துவிட்டது போல, இன்னும் ஒரு சொட்டு ஊற்றினார். பாட்டிலை மறுபடி மூடி மாட்டினார். பிறகு டம்ளரை எடுத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தை மாதிரி மடமடவென்று குடித்தார்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் டம்ளரை மறைக்கக் கூட இல்லை. தலை சுற்றியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

"பறவைக்கு வெச்சதைத் திருடிக் குடிக்கிற அளவுக்கு நாக்கு அலையுதா உங்களுக்கு? தினம் தினம் இந்தப் புண்ணைக் கழுவுறேனே, அது கண்ணுக்குத் தெரியலையா? விரலை எடுக்கப் போறாங்க. புரியுதா? வெட்டி எடுக்கப் போறாங்க!"

"கத்தாத. பக்கத்து வூட்ல கேக்கும்."

"கேக்கட்டும்!"

"நாக்கு ஒண்ணும் அலையல" என்றார். "எனக்கு அது புடிக்கவே இல்ல. கொமட்டிக்கினு வருது."

"பின்ன எதுக்குக் குடிக்கிறீங்க?"

அவர் வேலி இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே பக்கத்து வீட்டுக் கார் நின்றுகொண்டிருந்தது.

"அதுங்க வரதில்ல" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எது?"

"சிட்டுங்கதான். வேலிய எடுத்ததிலேந்து வரதில்ல. மறுநா ஒண்ணு வந்துச்சி. கம்பி மேல உக்காந்துக்கினு இப்டி அப்டி பாத்துச்சி. பூட்ச்சி. அப்புறம் ஒண்ணும் வரல."

"அப்ப தினமும் மூணு, நாலுன்னு சொன்னது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி முக்காலி மேல் வைத்துக்கொண்டார்.

"நீ வரப்ப பாத்துக்கினுதான இருக்கறன். செருப்பக்கூட கழட்டாம நேரா பாட்டிலுக்குத்தான் போற. அதுல தண்ணி கொறையலன்னா செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கற. மொத மூணு நாளும் அப்டித்தான் படுத்த. ஒரு வார்த்த பேசல. கொறஞ்சிருந்துச்சின்னா எத்தனன்னு கேக்கற. சிரிக்கற. எனக்கு வேற என்னா பண்றதுன்னு தெரியல."

 பதில் சொல்லத் தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியம் இன்னும் சத்தமாகக் கத்துவது.

"அதுக்குக் குடிப்பாங்களா? கீழே ஊத்த வேண்டியதுதானே! செடிக்கு ஊத்த வேண்டியதுதானே! இத்தனை பெரிய சாக்கடை ஓடுதே, அது கண்ணுல படலையா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். நான் சொன்னது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அல்லது தோன்றி, கை வரவில்லை.

"சக்கரத் தண்ணி" என்றார். "அத எப்டி கீழ ஊத்தறது?"

நான் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நூறு தடவை கேட்டு மனப்பாடமாகியிருந்த கதை இப்போதுதான் எனக்குக் கேட்டது. சர்க்கரையைக் கொட்டியதற்காக அடி வாங்கிய பையன், அதற்கப்புறம் இந்த வயது வரைக்கும் ஒரு சர்க்கரைத் துகளைக் கீழே போட்டதில்லை. அவரிடம் போய்ப் பாட்டில் நிறையச் சர்க்கரையைக் கரைத்து எதிரில் மாட்டிவிட்டு, அது குறைந்தால்தான் முகம் கொடுத்துப் பேசுவேன் என்று இருந்திருக்கிறேன். கோபம் போய்விடவில்லை. திட்டு வாங்க வேண்டிய ஆள் மட்டும் மாறிவிட்டது, அவர் இல்லை, நான்.

பாட்டிலைக் கழற்றி மிச்சமிருந்த இரண்டு விரற்கடைத் தண்ணீரை மண்ணில் ஊற்றினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விரலை அழுத்திப் பார்த்தார், இவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் நல்லது என்றார். விரல் தாங்காது, எடுத்துவிடலாம், பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஊசியும் போட்டு இவ்வளவு ஏறியிருக்குன்னா, யாரோ தினமும் இவருக்கு இனிப்பு குடுத்திருக்காங்க. யாரும்மா?"

என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

"நான்தான் டாக்டர்" என்றேன். "தினமும் காலையில என் கையாலதான் கலந்து வெச்சுட்டுப் போனேன்."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே இப்படிச் செஞ்சா அவருக்கு யாரும்மா சொல்றது?" என்று பத்து நிமிஷம் திட்டினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, யாராவது என்னைத் திட்ட வேண்டியிருந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன் அப்டி சொன்ன?" என்றார் இவர்.

"பின்ன, தேன்சிட்டு வரலைன்னு சொல்லவா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில், விரலை எடுக்கத் தேதி குறித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் விரலை எடுத்தார்கள். சுகர் இறங்க ஆரம்பித்தது, பாதம் தப்பித்தது. மகளிடம் செருப்புக் கடிப் புண், அதனால் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றுதான் சொன்னோம். பாட்டிலைப் பற்றிச் சொன்னால் அதைக் கொண்டுவந்தவள் தான்தானே என்று அங்கே உட்கார்ந்து அழுவாள். பாட்டிலைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் போட்டேன். வீட்டில் இப்போது சர்க்கரையே வாங்குவதில்லை.

ஒரு மாத லீவு முடிந்து மறுபடியும் டியூட்டிக்குப் போக ஆரம்பித்தேன். வைகாசி வெயிலில் மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், வேண்டாம் என்று நினைத்தாலும் கால் நேராகத் தோட்டத்துக்குத்தான் போகும். அங்கே வெறும் கொக்கி தொங்கும். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவேன். பேச ஒன்றும் இருக்காது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது முதுகில் தெரியும்.

ஒரு நாள், "அந்த பாட்டில எடுத்து மாட்டு" என்றார்.

"எதுக்கு? இன்னும் ஒன்பது விரல் பாக்கி இருக்குன்னா?"

"வெறுந்தண்ணி ஊத்தி மாட்டு. வெயிலுக்கு எதுனா வந்து குடிக்கும்."

வெறும் தண்ணீருக்குத் தேன்சிட்டு வராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் பரணில் இருந்து இறக்கிக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அவர் நாற்காலிக்கு எதிரில் பழைய இடத்திலேயே மாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தபோது தண்ணீர் குறைந்திருந்தது. அடியில் இரண்டு விரற்கடை மீதி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருந்தது.

நேற்று கேன்டீனில் ஆள் இல்லை. இரண்டு பேர் வேலையை நானே பார்த்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன். வீட்டுக்குள் வந்து, பையைத் தோளில் போட்டபடியே, செருப்போடு தோட்டத்துக்குப் போனேன். பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்தது. தொட்டிச் செடிகளின் அடியில் மண் ஈரமாக இருந்தது. அவர் ஒரு விரல் இல்லாத காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு, கார் நின்ற பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு எத்தனை?" என்றேன்.

அவர் பாட்டில் பக்கம் திரும்பினார். "நாலு" என்றார். "ஆம்பள ஒண்ணு, பொம்பள மூணு."

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.